வெள்ளை நூல் கட்டிய பொட்டலம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சமையலறை மேடையில், ஒரு கிலோ பருப்பில் ஐம்பது கிராமைக் காணவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தராசு தொள்ளாயிரத்து ஐம்பது என்றது. பொட்டலத்தை எடுத்தார், பூஜ்யம். வைத்தார், தொள்ளாயிரத்து ஐம்பது. காகிதத்துக்கும் சணல் கயிற்றுக்கும் உண்டான நாலு கிராமை அவர் முதலிலேயே கழித்துவிட்டிருந்தார். அதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபத்தாறு வருஷமாக முத்திரை ஆய்வாளர். கடைகளில் இருக்கும் தராசுகளை வருஷத்துக்கு ஒரு முறை சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். ஊரே அவரை முத்திரை சார் என்றுதான் கூப்பிடும், பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வருகிற சாமான் எதுவானாலும் அவர் நிறுத்துப் பார்த்த பிறகுதான் டப்பாவுக்குப் போகும். கல்யாணத்தன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்துப் பார்க்காமல் விட்டாரே, அதுவே பெரிய விஷயம் என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே மளிகைக் கடை. அந்தக் கடைச் சாமான் ஒரு நாளும் குறைந்ததில்லை. குறையாதது மட்டுமா, கூடுதலாகவே இருக்கும். ஒரு கிலோவுக்கு ஐம்பது கிராம் கூட, அரைக் கிலோவுக்கும் ஐம்பது கிராம் கூட. தாராளமான கை, மனுஷனுக்கு நல்ல மனசு என்று அவரே ஆபீசில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் சர்க்கரை ஆயிரத்து ஐம்பது இருந்தது, மாவு ஆயிரத்து ஐம்பது இருந்தது. பருப்பு மட்டும் காலை வாரிவிட்டது.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். யாரிடம் வேலையைக் காட்டுகிறான்! நேற்று சாயங்காலம் அவர் மனைவியும் அவருடைய அக்காவும் சேர்ந்துதான் கடைக்குப் போய் ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள். அவசரத்தில் தப்பு நடந்திருக்கும், விடுங்கள் என்றாள் மனைவி. அவர் விடவில்லை. சட்டையை மாட்டினார், பொட்டலத்தை அக்குளில் இடுக்கினார், செருப்பைப் போட்டார்.

கடையில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. கடைக்காரர் மூட்டைகளின் வாயைச் சுருட்டி மடித்துக்கொண்டிருந்தார். எப்போதும் சிரித்த முகம், நெற்றி வரை ஏறுகிற சிரிப்பு. ஆய்வாளர் பொட்டலத்தைத் தட்டில் வைத்தார். தராசு அவர் போன மாதம் சோதித்து முத்திரை குத்திய தராசு, அதனால் உண்மையைச் சொன்னது. கடைக்காரர் எண்ணைப் பார்த்தார், பிறகு பொட்டலத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் வரும் என்று ஆய்வாளர் காத்திருந்தார். வந்தது நிம்மதி.

"சார், இது உங்க பொட்டலம் இல்லையே. இது தையக்காரம்மாவோடது. உங்களுதுக்கு நான் வெள்ளை நூல்ல கட்டுவேன். இது சணல் பாருங்க. பை மாறிப் போயிருக்கும், குடுங்க, மாத்தித் தர்றேன்."

தையல்காரம்மா என்பது ஆய்வாளரின் அக்கா.

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது கடைக்காரருக்கு உறைத்தது. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. ஆய்வாளரின் கண் தராசை விட்டு மூட்டைக்குப் போயிற்று. அரிசி மூட்டைக்குள் ஒரு எவர்சில்வர் பாத்திரம், தராசுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. அச்சில் வார்த்த மாதிரி இரண்டும் ஒரே அளவு, ஒரே விளிம்பு. அவர் இரண்டையும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். ஒன்று இருநூற்றுப் பத்து. இன்னொன்று இருநூற்று அறுபது, அடிப்பக்கம் தடிமன். லேசான பாத்திரத்தைத் தட்டில் வைத்துப் பூஜ்யம் காட்டிவிட்டு, கனமான பாத்திரத்தால் மூட்டையில் அள்ளி வந்து வைத்தால், வாங்குகிறவருக்கு ஐம்பது கிராம் போச்சு. அதையே மாற்றிச் செய்தால் ஐம்பது கிராம் கூட வரும். கூட வந்தது ஒரே ஒரு வீட்டுக்கு.

கடைக்காரர் இப்போது சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, ஏதோ துக்கம் விசாரிக்கிற மாதிரி சொன்னார். "நீங்க ஒவ்வொரு பொட்டலத்தையும் நிறுத்துப் பாப்பீங்கன்னு அம்மா சொல்லுவாங்களே சார். இத்தனை வருஷமா நீங்க ஒண்ணும் சொல்லலையே. சரி, சாருக்குத் தெரியும், சம்மதம்தான்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

அந்த நிமிஷமே அவர் அந்த இரண்டு பாத்திரத்தையும் கைப்பற்றியிருக்க வேண்டும். சாட்சி இரண்டு பேரைக் கூப்பிட்டு, கைப்பற்றிய விவரத்துக்கு மகஜர் எழுதி, அரக்கு வைத்து... தூக்கத்தில் எழுப்பினாலும் வரிசை பிசகாமல் சொல்வார். ஆனால் மகஜரில் ஒரு கட்டம் இருக்கிறது, குற்றம் கவனத்துக்கு வந்த விதம் என்று. அதில் என்ன எழுதுவது? அவர் அக்காவின் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பின்னால் இருந்து யாரும் கூப்பிடவில்லை.

தெருவில் நடக்க நடக்க, அவருக்கே அவருடைய குரல் கேட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வருஷா வருஷம் அவர்தான் வகுப்பு எடுப்பார். எடை கூடக் கூட வித்தியாசமும் கூடினால் தராசில் கோளாறு, எடை மாறியும் வித்தியாசம் மாறாமல் நின்றால் தராசை விடு, பாத்திரத்தைப் பார். முதல் நாள் முதல் பாடம். கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவார். அரைக் கிலோவுக்கும் ஐம்பது, ஒரு கிலோவுக்கும் ஐம்பது. தன் வீட்டு மேடையில், தன் கண்ணெதிரே, பன்னிரண்டு வருஷம். தெரியாது என்று யாரிடம் சொல்வது? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூடக் கேட்டால் கைகொட்டிச் சிரிக்கும். கூட வந்ததால் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அதை நினைக்காமல் இருக்கத்தான் அவர் இவ்வளவு வேகமாக நடந்தார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அக்கா ஒரு துணிப்பையைத் திறந்து முள் தராசு ஒன்றை வெளியே எடுத்தாள். மேலே கிண்ணமும் முன்னால் வட்ட முகமும் வைத்த சின்ன வீட்டுத் தராசு. அத்தானுக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகு, சோற்றை நிறுத்துப் போடச் சொல்லி டாக்டர் வாங்க வைத்தது. "தம்பி, அந்தக் கடையில எடை குறையுது, நான் மூணு மாசமா பாக்குறேன்" என்றாள். அவர் விட்டாரா? துணி அளக்கிற டேப்பால் பருப்பை அளந்தாயா அக்கா என்று கேட்டார். மனைவியின் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. ஒரு நல்ல மனுஷன் மேல் அபாண்டம் பேசாதே, இந்த மாதிரித் தகர டப்பா வீட்டில் இருந்தால் ஊர் வம்புதான் வரும் என்று தராசைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. தைக்க நிறைய இருக்கிறது என்பாள்.

ஆபீஸ் சாவி அவரிடம் இருந்தது. பூட்டைத் திறந்து, ஜன்னலைக் கூடத் திறக்காமல், பின்னறை அலமாரிக்குப் போனார். கைப்பற்றிய தராசுகளுக்கு நடுவில் அக்காவின் தராசு தூசி படிந்து கிடந்தது. கழுத்தில் ஒரு அட்டை, அதில் அவர் கையெழுத்தில் 'நம்பகமற்றது'. தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். சோதித்த அளவுகள் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் வெல்வெட் பெட்டியைத் திறந்து, பித்தளைப் படிக்கற்களைத் துணியால் பிடித்து ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் வைத்தார். இருநூறு, இருநூறில் நின்றது. ஐநூறு, ஐநூறில் நின்றது. ஒரு கிலோ வைத்தபோது முள் ஒரு முறை நடுங்கி, ஆயிரத்தின் கோட்டில் நேராக நின்றது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய கடைகளில் கூட இவ்வளவு சரியான தராசை அவர் பார்த்ததில்லை. ஆறு மாதமாக அத்தானுக்குச் சோற்றை அக்கா எப்படி அளந்து போட்டிருப்பாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. கரண்டியால்தான், வேறெப்படி. அந்த இருட்டு அறையில், ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் போனபோது அக்கா வீட்டில் பள்ளிச் சீருடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மடியில் நீல நூல் துணுக்குகள். அத்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் தராசைத் துணி வெட்டும் மேஜையில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தார். அட்டையைக் கழற்றியிருந்தார், தூசியையும் துடைத்திருந்தார். அக்கா தையலை நிறுத்தாமல், ஓரத்தை முடித்து, நூலைப் பல்லால் கடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் இருக்கு அக்கா."

"எனக்குத் தெரியும்."

கடையில் நடந்ததை அவர் சொன்னார். இரண்டு பாத்திரம், வெள்ளை நூல், கடைக்காரர் சொன்ன வார்த்தை, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போது பார்வை தையல் மிஷின் சக்கரத்தை விட்டு நகரவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியாது அக்கா என்று முடித்தார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். வெள்ளை நூல் கட்டியது. பிரிக்கவே இல்லை.

"நேத்தே பாத்துட்டேன், உன்னோடதுன்னு. நீ வந்து எடுத்துக்குவேன்னு வச்சிருந்தேன்." பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். "நாலு மாசம் முன்னால உன் வீட்டுல ஒரு பொட்டலம் சர்க்கரை கைமாத்தா வாங்கினேன். திருப்பிக் குடுக்குறப்ப குறையக் கூடாதேன்னு காய்கறிக்காரம்மா தராசுல நிறுத்தேன். ஆயிரத்து ஐம்பது இருந்துச்சு. ஆயிரத்து ஐம்பதாவே திருப்பிக் குடுத்தேன். அன்னைக்குத்தான் புரிஞ்சுது, நீ ஏன் அப்படிக் கோவப்பட்டேன்னு. நீ தெரிஞ்சேதான் வாங்குறேன்னு நெனச்சேன் தம்பி. தெருவுல நாலு பேர் அந்தக் கடையைப் பத்திப் பேசினாங்க, என் தம்பி சோதிச்ச தராசு, தப்பே இருக்காதுன்னு நான்தான் வாயை அடைச்சேன்."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை. நாலு மாதமாக அவர் அக்கா அவரைத் திருடன் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே அவருக்காகப் பொய்ச்சாட்சி சொன்னாள். அதுவும் தன் வீட்டுப் பருப்பைப் பறிகொடுத்துவிட்டு.

அக்கா நூலைப் பிரித்து, பருப்பைத் தராசுக் கிண்ணத்தில் கொட்டினாள். முள் ஆயிரத்தைத் தாண்டி இரண்டு கோடு போய் நின்றது. அவள் கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். கடைசியில் விரல் நுனியில் நாலு பருப்பைப் போட்டு, இரண்டு பருப்பை எடுத்து, முள்ளை ஆயிரத்தில் நிறுத்தினாள். அவருக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்த மாதிரி இருந்தது. "அந்த ஐம்பதை உன் பொட்டலத்துல போட்டுரு அக்கா. ரெண்டும் சரியாப் போயிரும்" என்றார்.

"எனக்குச் சரியாப் போகும். தெருவுக்கு?"

அவர் கையை இழுத்துப் பிடித்து, எடுத்து வைத்த பருப்பை உள்ளங்கையில் போட்டு, விரல்களை அவளே மடக்கிவிட்டாள். சின்ன வயதில் அவர் பள்ளிக்கூடம் போகும்போது காசைக் கையில் வைத்து மடக்கிவிடுவாளே, அதே மாதிரி. "இது உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. யாரோடதுன்னு பாத்துக் குடுத்துடு. அந்தப் பாத்திரம் ரெண்டையும் எடுத்துட்டு வந்துட்டியா?" இல்லை என்று அவர் தலையாட்டினார். அவள் மறுபடி மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கினாள்.

சாயங்காலம் ஐந்து மணி. கடையில் ஆள் சேர்ந்திருந்தது. ஏழெட்டுப் பேர், கையில் பைகளோடு, வாசலிலிருந்து தெரு வரைக்கும். அவர் கையைச் சட்டைப் பையில் போடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. வியர்வையில் பருப்பு உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் கடைசியாக நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் குழந்தை. அவரைத் தெரிந்தவள், யாருக்குத்தான் அவரைத் தெரியாது. மரியாதையாக ஒதுங்கி, "சார், நீங்க முன்னால போங்க" என்றாள்.

"இல்லம்மா. நான் வரிசையிலயே நிக்கிறேன்."

அவர் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டுவிட்டது. கடைக்காரர் நிமிர்ந்தார். தராசின் மேல் லேசான பாத்திரம், எண் பூஜ்யத்தில். முன்னால் ஒரு கிழவர் அரைக் கிலோ அரிசிக்குப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மூட்டைக்குள் இருந்த பாத்திரத்தை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது. இரண்டு பாத்திரத்துக்கும் நடுவில் அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு, வரிசைக் கடைசியில் மூடியிருந்த கையைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். கிழவர் பையை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தார்.