படகு இருக்கு

அந்தத் தீவில் எல்லோருக்கும் அவள் வந்தவள்தான். வந்து ஏழு வருஷமாகி, மூன்றாவது பிள்ளையை அங்கேயே பெற்று, அதுவும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் வந்தவள்தான். “வந்தவ வீட்டுக்காரர்கிட்ட இன்ஜினைக் குடுத்திருக்கேன்” என்பார்கள். “வந்தவ ஆடு வேலி தாண்டிடுச்சு” என்பார்கள். அந்த ஆடு தீவிலேயே பிறந்து வளர்ந்த ஆடு. அதையும் ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் அவள் தானாக வந்து ஒட்டிக்கொண்டவள் இல்லை. தாங்கித் தாங்கி அழைத்து வரப்பட்டவள். எட்டுப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு என்பது கல்வி அலுவலகத்தின் சட்டம். எண்ணிக்கை ஆட்டம் கண்ட நேரத்தில், பிள்ளைகுட்டியோடு ஒரு குடும்பம் வந்தால் வாடகையில்லாமல் வீடு தருகிறோம் என்று தீவுக்காரர்கள் அக்கரை முழுக்கச் சொல்லி வைத்தார்கள். அவள் புருஷன் படகு இன்ஜின் மெக்கானிக். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளோடு அவள் துறையில் இறங்கியபோது, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஊரே அந்தப் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. படகுக்காரரே அவளுடைய தகரப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி வந்து வீட்டுக்குள் வைத்தார்.

நீரோட்டத்தைத் தாண்டி அக்கரை போகிற அளவுக்குப் பெரிய படகு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதனால் ஊருக்குத் தலைவரும் அவர்தான். தேர்தல் எல்லாம் கிடையாது. யார் போகலாம், எப்போது போகலாம் என்று சொல்கிறவர் தலைவராகாமல் வேறு யார் ஆவார்? ஆள் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தன் சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழகாதவர், அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்தவர்கள் எதையாவது குறை சொன்னால் அவரிடம் ஒரே பதில் தயாராக இருக்கும். “பிடிக்கலைன்னா படகு இருக்கு.” சொல்லிவிட்டுச் சிரிப்பார். சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள். தண்ணீர்க் குழாய் வரவில்லை என்று முதல் வருஷம் கேட்டபோது அவளுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அன்றைக்கு அவளும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள்.

அந்தத் தீவில் படகைக் கட்டுவது பிள்ளைகள் வேலை. படகு நெருங்கியதும் படகுக்காரர் கயிற்றை வீசுவார். துறைப் படியில் நிற்கிற பிள்ளை எட்டிப் பிடித்து இரும்புத் தூணில் சுற்ற வேண்டும். கயிறு தண்ணீரில் விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளையை ஒரு வாரத்துக்கு எல்லோரும் ஓட்டித் தள்ளிவிடுவார்கள். வந்தவளின் மூத்த மகள் நின்றால் மட்டும் கயிறு விழுந்ததே இல்லை. “இந்தப் பொண்ணு நின்னா நான் கண்ணை மூடிக்கிட்டு வீசுவேன்” என்று படகுக்காரரே சொல்லுவார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர் வீசிய கயிற்றை அவள் பிடித்தாள். பிடித்த வேகத்தில் கடைசிப் படிக்கல் ஆடியது. அது ஆடும் என்று ஊருக்கே தெரியும். நாளைக்குச் சிமெண்டு பூசலாம் என்று அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவரும் படகுக்காரர்தான். பிள்ளை சரிந்து, வலது முழங்கை தூணில் மோதியது. எலும்பு நொறுங்கிய கையோடு, இடது கையால் கயிற்றைத் தூணில் சுற்றி முடித்துவிட்டுத்தான் அவள் அழுதாள்.

வந்தவள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். “ஐயா, டாக்டர்கிட்டக் கொண்டு போகணும். இப்பவே படகைத் திருப்புங்க.”

படகுக்காரர் வானத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். “இன்னிக்குப் பேரன் பிறந்தநாளும்மா. பக்கத்துத் தீவுல சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பி நிக்கிறாங்க, கூட்டிட்டு வரணும். கைதானே, உயிரா போகுது? ஒரு பலகை வெச்சுக் கட்டு. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

துறையில் பாதி ஊர் நின்றது. யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அவர் போயிருப்பார் என்றுதான் வந்தவள் இன்றுவரை நம்புகிறாள். கடைக்காரர் தன் செருப்பு வாரை ஆராய்ச்சி செய்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திடீரென்று அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தது. படகு பேரனின் விருந்தாளிகளை அழைத்து வரப் புறப்பட்டுப் போனது.

மறுநாள் கடல் கெட்டது. கெட்ட கடல் நாலைந்து நாள் அடங்கவில்லை. பிள்ளை வலியில் முனகிய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஊருக்குத் திரும்பமுடியாமல் மாட்டிக்கொண்ட விருந்தாளிகள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அக்கரை போய்ச் சேர்ந்தபோது, “அன்னிக்கே கொண்டு வந்திருக்கக் கூடாதாம்மா?” என்று டாக்டர் அவளைத்தான் திட்டினார். கை கூடியது, கோணலாகக் கூடியது. முழங்கை பாதிக்கு மேல் நீளாது. தோளுக்கு மேல் எழாது.

திரும்பி வந்த அன்றைக்குத் துறையில் நின்று, வாயில் வந்தபடி அவரைக் கேட்டாள் அவள். முழுக்கக் கேட்டுக்கொண்டு, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “பிடிக்கலைன்னா படகு இருக்கு.”

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. படகு வேண்டிய அன்றைக்கு இல்லை, இப்போது இருக்கிறதாம். அந்தச் சொல்லை அவள் மனசுக்குள் வாங்கி, கோழி முட்டையை அடைகாப்பது மாதிரி வைத்துக்கொண்டாள். அவள் புருஷன் சாது. “விடு, நடந்தது நடந்துபோச்சு” என்பார். அவள் விடவில்லை. மகள் இடது கையால் தலை பின்னத் திணறும்போதெல்லாம், துறையில் படகுச் சத்தம் கேட்டதும் எழுந்து, பிறகு எங்கும் போகாமல் உட்காரும்போதெல்லாம், அந்த வன்மத்துக்கு ஒரு கவளம் கூடுதலாகக் கிடைத்தது.

நேரம் தானாக வந்தது. ஒரு குடும்பம் தீவை விட்டுப் போனது, பிறகு இன்னொன்று. ஒருநாள் டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கடற்கரைக்கு நடத்திப் போவதை, துணி காயப்போட்டபடி வந்தவள் பார்த்தாள். ஒன்பது தலை. அதில் மூன்று அவளுடையவை. கையிலிருந்த சட்டையை அவள் மறுபடியும் பிழிந்தாள், அதில் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோதும்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். படகுக்காரரின் பேரன் அதே வரிசையில் நடந்தான். பள்ளிக்கூடம் மூடினால் அன்றைக்கே மகனோடு அக்கரையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவர் மருமகள் கிணற்றடியில் பலமுறை சொல்லியிருக்கிறாள். படகுக்காரரின் மகன் எப்போதோ கப்பல் வேலைக்குப் போய்விட்டான். கிழவருக்கு மிச்சம் இருப்பது அந்தப் பேரன் ஒருவன்தான். அவன் பக்கத்தில் உட்காராமல் அவருக்குச் சோறு இறங்காது.

அக்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புருஷனுக்கு வேலை பேசி வைத்தாள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “வருஷாந்திரக் கூட்டம் வருதில்ல, அதுல ஒரு தடவை மரியாதையாக் கேட்டுப் பாரு. பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா படகு உடனே கிளம்பணும், அவ்வளவுதானே? ஒத்துக்கிட்டார்னா இருந்துடலாம். அதுக்கப்புறமும் போகணும்னா அது நியாயம் இல்ல.”

“சரி, கேக்கறேன்” என்றாள். கேட்பதில் அவளுக்குப் பயமில்லை. அந்த மனுஷன் ஒத்துக்கொண்டுவிடுவாரோ என்பதுதான் பயம்.

கூட்டம் பள்ளிக்கூடத்தின் ஒரே அறையில் நடந்தது. பெரியவர்கள் எல்லாம் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, படகில் வாந்தியெடுத்த களைப்போடு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார். பேரன் படகுக்காரரின் மடியில். எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று டீச்சர் சொல்லி முடித்ததும் வந்தவள் எழுந்தாள்.

“ஐயா, ஒரு சின்ன வேண்டுகோள். பிள்ளைங்க யாருக்காவது அடிபட்டா, உடம்பு முடியாம போனா, கடல் இடம் கொடுத்தா உடனே படகு கிளம்பணும். வேற என்ன வேலை இருந்தாலும் சரி. இதை ஊர்க் கட்டுப்பாடா வெச்சுக்கலாம். உங்க பேரனுக்கும் சேர்த்துத்தான் கேக்கறேன்.”

குரலில் ஒரு சுருதி பிசகவில்லை. மூன்று நாளாக ஆட்டுக்குத் தழை போடும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம் அது.

படகுக்காரர் மடியில் இருந்த பேரனின் தலையைத் தடவினார். மருமகள் பின்னாலிருந்து, “நியாயமாத்தானே கேக்கறாங்க மாமா” என்று மெதுவாகச் சொன்னாள். அவர் முகம் இளகியது. வாய் திறந்தது. பாவி மனுஷா, இத்தனை வருஷம் இல்லாத நல்ல புத்தி உனக்கு இன்றைக்கா வரவேண்டும் என்று வந்தவள் உள்ளுக்குள் கத்தினாள். அந்த ஒரு நொடியில், அவர் சரி என்று சொல்லியிருந்தால் அவள் அங்கேயே அழுதிருப்பாள், சந்தோஷத்தில் அல்ல.

அவர் வாய்வரை வந்த சம்மதத்தைக் கெடுத்தவர் கடைக்காரர். “ஏழு வருஷம் முன்னாடி வந்துட்டு, தலைவருக்கே சட்டம் போடறாங்கப்பா” என்று முணுமுணுத்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி வேறு நிமிர்ந்து பார்த்தார். படகுக்காரரின் முதுகு விறைத்தது.

“என் படகு எப்போ கிளம்பணும்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். பிடிக்கலைன்னா...” என்று சொல்லி, பழக்க தோஷத்தில் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். “படகு இருக்கு.”

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“சந்தோஷம்ங்க” என்றாள் வந்தவள். “நாளைக்குக் காலையில எடுங்க. நாங்க அஞ்சு பேர். மூணு பிள்ளைங்களுக்கும் இன்னிக்குத்தான் இங்க கடைசிப் பாடம்.”

முதலில் சிரிப்பை நிறுத்தியது டீச்சர். அவள் வாய்க்குள் எண்ணுவது எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராக எண்ணினார்கள். கடைக்காரர் விரல்விட்டே எண்ணினார். அதிகாரி எலுமிச்சம்பழத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, “ஆறு பேர்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்றார். மருமகள் எழுந்து வந்து, மாமனார் மடியிலிருந்து மகனை இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். படகுக்காரர் அந்தச் சின்னப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் வரைக்கும் வந்தவள் வீட்டு வாசலில் கூட்டம் ஓயவில்லை. கடைக்காரர் ஒரு மூட்டை மாவு கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாங்க எல்லாம் உன்னை எங்கள்ல ஒருத்தியாத்தானேடி நெனச்சோம்” என்றாள்.

“அடுப்புல பால் வெச்சிருக்கேன்க்கா” என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள். வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. அடுப்பு அணைந்து, பாத்திரங்கள் எல்லாம் சாக்கில் கட்டியாகியிருந்தது.

காலையில் படகு புறப்பட்டது. தகரப் பெட்டியை இந்தத் தடவை அவள் புருஷன்தான் சுமந்தார். வழியனுப்ப யாரும் வரவில்லை. படகுக்காரர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டியே நின்றார். மருமகள் அடுத்த வாரம் இதே படகில் வருகிறாளாம், அவர்தான் கொண்டுபோய் விட வேண்டுமாம். அதை நினைக்க நினைக்க வந்தவளுக்குக் கடல் காற்றே தனி ருசியாக இருந்தது.

பாதிக் கடலில் அவர் திரும்பாமலே கேட்டார். “மனசு குளிர்ந்துதா?”

“குளிர்ந்துதுங்க” என்றாள். மழுப்பவில்லை.

அக்கரை நெருங்கியது. அங்கே துறையில் அன்றைக்கு ஆள் இல்லை. படகின் மூக்கு படியை உரசியதும், யாரும் சொல்வதற்குள் மூத்த மகள் குதித்துவிட்டாள். இரண்டு வருஷமாக அடக்கிவைத்த கால்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். படகுக்காரரின் கை பழக்கத்தில் கயிற்றைச் சுருட்டி, பழைய மாதிரியே கண்ணை மூடாத குறையாக வீசியது.

கயிறு நேராக அவள் தலைக்கு மேல் போனது. அவள் வலது கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றது. கயிறு அவள் விரல்களைத் தாண்டிப் போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரில் விழுந்தது.

அந்தக் கை கோணலாகத் தொங்குவதை அவர் பார்த்திருக்கிறார்; கயிற்றுக்காக நீள்வதைப் பார்த்ததில்லை. கயிற்றை இழுத்தார். ஈரம் சொட்டும் கயிறு கையில் இருக்க, இழுத்தபடியே நின்றுவிட்டார். படகு கரையைவிட்டு மெல்ல விலக ஆரம்பித்தது.

“போடுங்க தாத்தா” என்று கரையிலிருந்து அந்தப் பெண் கத்தினாள். அவள் முகத்தில் வெட்கம்தான் இருந்தது, கயிற்றைத் தவறவிட்ட வெட்கம். “இந்தத் தடவை விட மாட்டேன். இடது கையில பிடிச்சிடுவேன்.”

அவரால் போட முடியவில்லை. தோள் குலுங்கியது. “அய்யோ” என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

புருஷன் எழுந்து அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கப் போனார். வந்தவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“அவரே போடட்டும்” என்றாள்.

பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, தகரப் பெட்டியின் மேல் வசதியாக உட்கார்ந்து, அவர் போடுகிறவரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.