பதினாறுக்கும் ஒரே ஃப்யூஸ்

வீட்டில் ஃப்யூஸ் போனால் ஓர் அறை இருட்டாகும், அவ்வளவுதான். இந்தப் பெயின்ட் தொழிற்சாலையில் டப்பாவுக்கு மூடி போடும் இயந்திரமே கண்ணை மூடிக்கொண்டுவிடும். டப்பா வந்ததா, மூடி இருக்கிறதா, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிற பதினாறு சென்சாருக்கும் ஒரே ஃப்யூஸ் வழியாக மின்சாரம் கொடுத்துத் தொலைத்திருந்தான், மின் பேனல் கட்டிய மகராசன். ஒன்றில் கோளாறு வந்தாலும் பதினாறும் செத்துவிடும். எதில் கோளாறு என்று மட்டும் தெரியவே தெரியாது.

தங்கச்சிக்கு அதுதான் மண்டையைக் குடைந்தது. எலெக்ட்ரீஷியனான அவளை அங்கே எல்லோரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மூடி போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவளுடைய சொந்த அண்ணன். ஃப்யூஸ் போவதெல்லாம் அவர் ஷிப்டில்தான். ஓடி வந்து பார்த்தால் எல்லா வயரும் சரியாக இருக்கும். புது ஃப்யூஸ் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும்.

"அவரு வேணும்னேதான் நிறுத்துறாரு," என்று சூப்பர்வைசர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ நின்னா கேட் காவலுக்கு அனுப்பிடுவேன்."

கேட் காவலுக்கா! அந்த இயந்திரம் வந்து இறங்கிய நாளிலிருந்து வேறு யாரையும் எண்ணெய்கூடப் போட விடாத மனுஷர். தங்கச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரிய ஃப்யூஸா போட்டுட்டா போகாதுல்ல?" என்றார் சூப்பர்வைசர்.

"ஃப்யூஸ் போகாது சார். வயர்தான் எரியும். பெயின்டுக்குப் பக்கத்துல எரிஞ்சா பரவாயில்லையா?"

அவர் பேச்சை மாற்றினார்.

வார விடுமுறையன்று பேனலைத் திறந்து உட்கார்ந்தாள். பதினாறுக்கும் பொதுவாக ஓடிய வயரைப் பிரித்து, ஒவ்வொரு சென்சாருக்கும் தனியாக ஒரு குட்டி ஃப்யூஸ் வைத்தாள். கூட்டுக் குடும்பத்தைத் தனிக்குடித்தனம் வைக்கிற வேலைதான். எந்த ஃப்யூஸ் போகிறதோ அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

அண்ணனின் ஷிப்ட் தொடங்கியதும் பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் வைத்தவளைப் போல நகராமல் நின்றாள். இதோ, ஒரே ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது! மூடிய டப்பாக்களை எண்ணுகிற சென்சார். எண்ணிக்கைதான் நின்றதே தவிர, இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

துள்ளிக் குதித்து, அந்தச் சென்சாரின் கேபிள் போகிற வழியே இயந்திரத்தின் பின்பக்கம் ஓடினாள்.

இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே, மடக்கு ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூலின் இரும்புக் கால் கேபிளை இயந்திரத்தின் சட்டத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. கேபிளின் தோல் கிழிந்த இடத்தில் உள்ளே இருந்த செம்புக் கம்பி இரும்பைத் தொட்டது; ஃப்யூஸ் போனது அதனால்தான். இத்தனை நாளும் இயந்திரம் நின்றதும் பதறி எழுந்து, ஸ்டூலை மடக்கி ஒளித்துவிடுவார். கேபிளும் நிமிர்ந்துகொள்ளும். இன்று இயந்திரம் நிற்கவில்லை, அதனால் அவரும் எழவில்லை.

"அண்ணா, நீதானா?"

"நானா? நான் எதையுமே தொடலயே!"

அவள் காட்டினாள். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் தங்கச்சிக்கு ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. நிற்க முடியாதவருக்கு இங்கே இயந்திரம் கிடையாது.

"சொல்லிடாத," என்றார் மெதுவாக. "முட்டி போச்சுன்னு தெரிஞ்சா கேட் காவல்தான்."

அவள் ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே மூச்சிரைக்க வந்துவிட்டார் சூப்பர்வைசர். அண்ணன் அவசரமாக எழுந்து ஸ்டூலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சூப்பர்வைசர் குனிந்து கிழிந்த கேபிளைப் பார்த்தார்.

"எலியா?"

தலையை ஆட்டினால் போதும். எலியைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்கப் போவதில்லை. அண்ணன் மேலிருந்த பழியும் போய்விடும். அந்த முட்டியோடு இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நின்றுகொண்டே இருக்கலாம். அதை நினைத்ததும் தங்கச்சிக்குத் தலை ஆடவில்லை. கண்ணில் நீர் முட்ட அண்ணனைப் பார்த்தாள்.

அவரும் அவளைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை முன்னால் எடுத்து விரித்து, கேபிளுக்கு எட்டாமல் தள்ளிப் போட்டு, சூப்பர்வைசர் கண்ணெதிரே உட்கார்ந்தார்.

"எலி இல்ல சார், நான்தான். என்னால நிக்க முடியல."