ஓட்டை போடாத கப்பு

பாண்டீஸ்வரிக்குச் சந்தேகம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்பாள். சிரிக்காவிட்டால் அவருக்கே மனசு உறுத்துகிறது என்பாள். புருஷன் ஜெயபாண்டி புதுச் சட்டை போட்டாலும் கேள்வி, பழைய சட்டையைப் போட்டாலும் கேள்வி. அப்படிப்பட்டவள் கீழ்வீட்டுச் சூடாமணியை மட்டும் இரண்டு வருஷமாக எதற்கும் சந்தேகப்படவில்லை. அதற்கும் சேர்த்து வைத்துத்தான் அந்த ஆவணி மாதத்தில் மொத்தமாகச் சந்தேகப்பட்டாள்.

விஷயம் ஒரு டீ கப்பு. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீலக் கோடு. போன வாரம் வரைக்கும் அதில் அவள் டீ குடித்தாள். இந்த வாரம் அதே கப்பில் ஒரு கள்ளிச்செடி உட்கார்ந்திருந்தது.

மதுரை முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்தில் அந்த வீடு. கீழே வீட்டுக்காரர் ராமமூர்த்தியும் அவர் மனைவி சூடாமணியும் இருந்தார்கள். சுங்குடிச் சேலை வியாபாரம், வீட்டுக்குள் சௌராஷ்டிர பாஷை. பாண்டீஸ்வரியும் ஜெயபாண்டியும் தொண்ணூற்றொன்பதில் மேற்கே ஒரு கிராமத்திலிருந்து மாடிக்குக் குடிவந்தவர்கள். ஜெயபாண்டிக்குப் பரவைப் பக்கம் நூல் மில்லில் வேலை. தினமும் இரண்டு பஸ் மாறி ஊரைக் குறுக்கே கடந்து போய் வருகிறவன், பரவையிலேயே வீடு பார்த்துவிடலாம் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள்தான் பிடி கொடுக்கவில்லை.

காரணம் சூடாமணி. இந்த மதுரையில் பாண்டீஸ்வரி மனசார அக்கா என்று கூப்பிடும் ஒரே ஆள். சாயங்காலமானால் சூடாமணி மாடிப்படிக்குக் கீழே நின்று, "பாண்டீஸ், டீ போட்டாச்சு" என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரலுக்காகத்தான் ஒரு மனுஷனை இரண்டு பஸ் மாற விட்டிருந்தாள்.

ஆரம்பத்தில் டீ எவர்சில்வர் டம்ளரில்தான் வந்தது. பிறகு சூடாமணிக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது. ஒரு வாரப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, பழைய சாமான் கடையில் கிடந்த ஒற்றைக் கப்புகளாகப் பார்த்துப் பொறுக்கி வந்தாள். ஜோடி போனது, காது உடைந்தது, யார் வீட்டுக் கல்யாணப் பரிசோ தெரியாதது. அடியில் செங்கல் சல்லி, மேலே ஆற்று மணலும் செம்மண்ணும். பசுமலைப் பக்கத்து நர்சரியிலிருந்து கொண்டுவந்த குட்டிக் கள்ளி, ரோஜாப் பூ போல இலை அடுக்கிய ஒன்று, முத்து முத்தாகத் தொங்கும் ஒன்று என்று நட்டுக் கூடத்து ஜன்னலில் வரிசையாக வைத்தாள். வாரம் ஒரு தடவை ஸ்பூனால் தண்ணீர்.

"அடியில ஒரு ஓட்ட போட்டுருங்கக்கா. தண்ணி தேங்குனா வேர் அழுகிப் போகும்" என்று பாண்டீஸ்வரி சொன்னாள். விவசாயம் பார்த்த வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"ஓட்டை போட்டா அப்புறம் அது கப்பா?" என்று சூடாமணி சிரித்தாள். அப்போது அந்தச் சிரிப்பில் பாண்டீஸ்வரிக்கு எதுவும் தெரியவில்லை. இப்போது எல்லாம் தெரிந்தது.

எப்போதிலிருந்து தனக்கு டம்ளர் போய்க் கப்பு வந்தது என்று யோசித்தாள். ராமமூர்த்திக்கு டம்ளர். அண்ணாந்து, உதட்டில் படாமல், கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வார். சூடாமணியும் அப்படித்தான் தண்ணீர் குடிப்பாள். பாண்டீஸ்வரிக்கு மட்டும் கப்பு. சூடாமணி கூடவே உட்கார்ந்து குடிக்கவும் மாட்டாள். "நீ குடி, நான் அப்புறம் குடிச்சுக்கிறேன்" என்பாள். அதற்கப்புறம் பார்த்தால் அந்தக் கப்பு ஜன்னலில் இருக்கும். நீலக் கோடு போட்டதற்கு முன்னால் மஞ்சள் பூப் போட்டது. அதற்கு முன்னால் மயில் படம் போட்டது. மூன்றிலும் அவள் டீ குடித்திருக்கிறாள். மூன்றிலும் இப்போது முள் முளைத்திருக்கிறது. ஜன்னலோ அவள் ஏறி இறங்கும் மாடிப்படியைப் பார்த்த ஜன்னல். வாசலில் திருஷ்டிக்குக் கற்றாழை கட்டுவார்கள். இது யார் கண்ணுக்குக் கட்டியது?

அவள் ஊர் டீக்கடையில் சிலருக்குத் தனி கிளாஸ் இருந்தது. வெளியே ஆணியில் தொங்கும். குடித்தவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போவார்கள். சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான், ஒருநாளும் அவளை அது உறுத்தியதில்லை. அந்தக் கிளாசைப் பிடிக்கும் இடத்தில் அவள் நின்றதில்லையே. இப்போது அந்த ஆணி நெஞ்சுக்குள் அடித்த மாதிரி இருந்தது. யார் யாரோ வாய் வைத்த பழைய கப்பை வீட்டுக்குள் கொண்டுவரலாம், நான் வாய் வைத்தால் மட்டும் அதற்கு மண்தானா என்று அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. அதை ஜெயபாண்டியிடம் கோபமாக்கிக் காட்டினாள்.

"பரவையில வீடு பாத்தீகளே, அது இன்னும் இருக்கா?"

ஜெயபாண்டி சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். "ஞாயித்துக்கெழம வரைக்கும் வச்சிருக்கேன்னு சொல்லிருக்காரு. ஏ, என்னாச்சு? வீட்டுக்காரம்மா எதுவும் சொன்னாகளா?"

"சொன்னாத்தான் தேவலையே. சொல்லாமச் செய்யிறாக."

"ஒனக்கு எதுலதான் சந்தேகம் வரல?"

"நாளைக்கு ஒருநாள் பாத்துட்டுச் சொல்றேன். நான் நெனச்சது சரின்னா, ஞாயித்துக்கெழம சாமானை ஏத்திருவோம்."

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலக் குரல் வந்தது. பாண்டீஸ்வரி நெயில் பாலிஷ் குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். புதுக் கப்பு, பச்சை இலை போட்டது. டீ நுரையோடு இருந்தது, ஏலக்காய் கூடத் தட்டிப் போட்டிருந்தது. வேஷத்தில் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். சூடாமணி கொடியில் கிடந்த துணியை எடுக்கக் கொல்லைப் பக்கம் போன நேரத்தில், கப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அடியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். நாளைக்கு ஜன்னலில் இந்தக் கப்பு வந்தால், கவிழ்த்துக் காட்டி நாலு கேள்வி கேட்கலாம். வேறு கப்பு என்று சூடாமணி சாதிக்க முடியாது.

சூடாமணி வந்ததும் பாண்டீஸ்வரி பாதி டீயோடு கப்பைக் கீழே வைத்தாள்.

"ஏன், சீனி குறைச்சலா?"

"போதும்க்கா. நாங்க பரவைக்குக் குடி போறோம்."

சூடாமணி கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "எப்போ?"

"ஞாயித்துக்கெழம."

"திடீர்னு என்னம்மா?"

"திடீர்னெல்லாம் இல்ல. தூரமாத்தான இருக்கு அவுகளுக்கு. நான் வாரேன்."

அவள் மாடி ஏறவில்லை. பாதிப் படியில், ஜன்னலுக்குச் சற்று மேலே உட்கார்ந்துகொண்டாள். நாளை வரைக்கும் பொறுக்க அவளுக்குப் பொறுமை இல்லை. கள்ளிகளுக்கு நடுவே கூடம் நன்றாகத் தெரிந்தது.

சூடாமணி கொஞ்ச நேரம் துணியை மடித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். பிறகு ஜன்னலுக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னை இழுத்தாள். செடிக்கு மண் போட்டு வைத்திருக்கும் டின். அம்புட்டு அவசரமா, நான் படிகூட ஏறலையே என்று பாண்டீஸ்வரி பல்லைக் கடித்தாள்.

ஆனால் சூடாமணி டின்னைத் திறக்கவில்லை. அதை எதிர்ச் சுவரோரமாகத் தள்ளி, அதன் மேல் உட்கார்ந்தாள். பாத்திரத்தில் மீதியிருந்த டீயை, பாண்டீஸ்வரி வைத்துவிட்டுப் போன பாதி டீயின் மேலேயே ஊற்றினாள். கப்பைக் கழுவவில்லை. விளிம்பைத் துடைக்கக்கூட இல்லை. வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கப்பைப் பிடித்து, கண்ணை மூடி, உதட்டில் வைத்து உறிஞ்சினாள். மெதுவாக, சத்தத்தோடு, ரொம்ப நேரம். கப்பு சாயச் சாய, அடியிலிருந்த சிவப்புப் பொட்டு பாண்டீஸ்வரியைப் பார்த்து மேலே எழும்பியது.

அவள் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். மெட்டிச் சத்தம் கேட்டுச் சூடாமணி கண்ணைத் திறந்தாள். ஜன்னலில் ஆள் தெரிந்ததும் முகம் வெளுத்தது. எழுந்து டின்னைத் திறந்து, கை நிறைய மண்ணை அள்ளினாள்.

"செடிக்குத்தான். செடி வைக்கத்தான் எடுத்தேன்."

"அக்கா, மண்ணப் போடாதீக!" பாண்டீஸ்வரி படியிலிருந்து குதித்து உள்ளே ஓடினாள். "டீ இருக்கு அதுல!"

சூடாமணி மண்ணைப் பிடித்த கையோடு நின்றாள். பிறகு அதை டின்னிலேயே உதிர்த்துவிட்டுச் சொன்னாள்: "அவர்கிட்ட சொல்லிடாதே. பீங்கான் அடுப்படிக்குள்ள வரக்கூடாதும்பார். வாய் வச்சுக் குடிச்சா எச்சில்னுவார். எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து அண்ணாந்தே குடிச்சு, டீக்கு ருசி இருக்குன்னே தெரியாது. தொண்டைதான் சுடும்."

"அப்ப இந்தக் கப்பெல்லாம்?"

"செடிக்குன்னு சொன்னாத்தான் வீட்டுக்குள்ள வரும். முதல்ல நிஜமாவே செடிக்குத்தான் வாங்கினேன். ஒருநாள் உனக்கு ஒண்ணைக் கழுவிக் குடுத்தேன். நீ ஊதி ஊதி உறிஞ்சினதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துட்டுது. உன் எதிர்க்கக் குடிக்க வெட்கம். நீ போனப்புறம் குடிப்பேன். அவர் கண்ணுல கப்பு பட்டா, இது ஏன் இங்கேன்னு கேப்பார். செடிக்குன்னு சொல்லி மண்ணைப் போட்டுடுவேன். அப்புறம் வேற கப்பு தேடணும்."

பாண்டீஸ்வரி ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த ஆத்திரம் முழுவதும் கையில் இருந்தது, கொட்ட இடமில்லை. இந்த அக்காவையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அதையும் அதட்டலாகத்தான் காட்ட வந்தது அவளுக்கு.

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னக்கா? நான் என்னென்னமோ நெனச்சுப்புட்டேன்."

"என்ன நினைச்சே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சூடாமணியும் பார்த்தாள். மயில் போட்டது, மஞ்சள் பூப் போட்டது, நீலக் கோடு. வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு மெல்லப் புரிந்தது. "ஐயோ" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு நீலக் கோட்டுக் கப்பை எடுத்தாள். கள்ளியைத் துணியால் பிடித்து மண்ணோடு உருவி டின்னில் சாய்த்தாள். குழாயில் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அடி முழுசாக இருந்தது. பச்சை இலைக் கப்பில் மிச்சமிருந்த டீயில் பாதியை அதில் ஊற்றிப் பாண்டீஸ்வரியிடம் நீட்டினாள். இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது மடக்கில் சந்துக்குள் மொபெட் சத்தம் கேட்டது. ராமமூர்த்தி கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். சூடாமணியின் கை தானாக மண் டின்னுக்குப் போனது. பாண்டீஸ்வரி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பதறாமக் குடிச்சு முடிங்க. கப்பு எதுக்குன்னு கேட்டா, மாடிவீட்டுக்காரிக்குத் தனியா வச்சிருக்குன்னு சொல்லுங்க."

"உனக்கு அது அவமானம் இல்லையா?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சுக்கா, இன்னைக்கு இல்ல" என்றாள் பாண்டீஸ்வரி. "இனிமே தினமும் அதையே சொல்லுங்க. நான் எங்கயும் போகல."