ஜாவாவுக்குப் புளி

எங்கள் கசார்வாடி பில்டிங்கில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் இருக்கும் ரங்கராஜன் வீட்டுக்கு, முகம் மழித்துக்கொண்டு புறப்படும் ஆள் போய்ச் சேரும்போது தாடி வளர்ந்திருக்கும். நான் எதையும் கூட்டித்தான் சொல்வேன் என்பாள் என் மனைவி கிருபாவதி. அவள் எதையும் கழித்துத்தான் சொல்வாள். இரண்டையும் சேர்த்து ஒரு கலக்குக் கலக்கினால் உண்மை மேலே மிதக்கும்.

ரங்கராஜனும் நானும் பிம்ப்ரியில் ஒரே மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் ஸ்டோர்ஸ். அவர் தரக்கட்டுப்பாடு. சொர்க்கத்தையே அனுப்பிவைத்தாலும் ஓரத்தில் கீறல் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிற மனிதர். நான் ஒன்று சொல்ல, அவர் அதைத் திருத்த, இப்படியே எங்கள் சிநேகம் முக்கால் யுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மழைக்காலத்தில் அவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் மேலே தூக்கிப் போனார்கள். அதற்கப்புறம் அவர் கீழே இறங்கவே இல்லை. பிசியோதெரபிப் பெண் வந்து கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் அழுதாள். அழுதது மட்டும் என் கூட்டல். வீட்டுக்குள் கம்பு இல்லாமல் நடக்கிறவர் வாசல் தாண்டமாட்டேன் என்றார்.

ஒருநாள் அவருடைய மனைவி சியாமளா மாமி எங்கள் தரைத்தள வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, பிள்ளை ஸ்ரீவத்சன் பெங்களூர்ல லிஃப்ட் வெச்ச ஃப்ளாட் பார்த்துட்டான். தீபாவளிக்கு வரச்சே அப்பா தானா படியிறங்கி நின்னா சரி, இல்லேன்னா பொட்டி கட்டுங்கோங்கறான். இவருக்குப் போக இஷ்டமில்லே. ஆனா இறங்கவும் மாட்டேங்கறார்."

"வலியா மாமி?"

"வலியெல்லாம் போயாச்சு. பயம். விழுந்துடுவோம்னு. கேட்டா ஒத்துக்கமாட்டார்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. (கிருபாவதி கணக்கில் இரண்டு தட்டு.) ரங்கராஜன் போய்விட்டால் என்னை யார் திருத்துவார்கள்? மறுப்பதற்கு ஆளில்லாத ஊரில் எப்படிக் கூட்டிச் சொல்வது?

படிக்கட்டுக்குப் பக்கத்தில், பார்க்கிங் மூலையில், தார்ப்பாய் போர்த்திய ரங்கராஜனின் ஜாவா மோட்டார் சைக்கிள் நின்றது. அவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓட்டிய வண்டி. ஆபரேஷனுக்குப் பல வருஷம் முன்பே அதைத் தொடுவதை விட்டிருந்தார். மாமியிடம் சாவி கேட்டேன்.

"தரேன். ஆனா நான் தரலேன்னு சொல்லிடுங்கோ" என்றார் மாமி. எனக்கு ஏற்ற கூட்டாளி.

மறுநாள் காலை தார்ப்பாயை உருவினேன். அதன்மேல் இருந்த தூசியில் கடலை போட்டிருந்தால் ஒரு போகம் எடுத்திருக்கலாம். வண்டியை அவர் பால்கனிக்கு நேர்கீழே தள்ளிவந்து, ஒரு காய்ந்த துணியை எடுத்து டாங்கைப் பரபரவென்று தேய்த்தேன். வேண்டுமென்றேதான்.

மேலே நாற்காலி கிறீச்சிட்டது.

"ஓய் மோசஸ்! என்னங்காணும் பண்றீர்?"

"வண்டி தொடைக்கேன் வே!"

"யாரைக் கேட்டு? காஞ்ச துணியால மண்ணோட தேய்ச்சா பெயின்ட்ல கோடு விழும்! முதல்ல தண்ணி விடும்! சோப்புத் தண்ணி! அறிவில்லே?"

"இருந்தா எதுக்கு வே ஸ்டோர்ஸ்ல போட்டிருப்பான்?"

தண்ணீர் விட்டேன். அழுக்கு ஆறாக ஓடி கேட்டைத் தாண்டி, மெட்ரோ பாலத்துக்கு அடியில் நுழைந்து, பழைய பம்பாய் ரோட்டையே மறித்தது. கழுவி முடித்து, "நல்ல பச்சைக் கலரு வே, உம்ம வண்டி!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

"மெரூன்! மெரூன்! கண்ணுக்கு ஆபரேஷன் நீர்தான் பண்ணிக்கணும்!"

அந்த வாரம் முழுக்க இதே கச்சேரி. நான் பாலிஷ் காம்பவுண்டை அள்ளிப் பூசுவேன், பட்டாணி அளவு போதும் என்று அவர் அலறுவார். நான் டாங்க் விளிம்பில் அழுத்தித் தேய்ப்பேன், விளிம்பில் பெயின்ட் மெல்லிசு, அடித்தகரம் தெரிந்துவிடும் என்று பால்கனிக் கம்பியைத் தட்டுவார். மங்கிப்போன மெரூன் மெல்ல மெல்ல ரத்தம் ஊறியமாதிரி சிவந்தது. எதிர் பில்டிங்கில் இருந்தவர்கள் டீயோடு வந்து ஜன்னலில் நிற்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் பால்கனியிலிருந்து கத்துவதற்கு முட்டி தேவையில்லையே. அதனால் வண்டியை மெதுவாக இடம் மாற்றினேன். ஒரு முழம் உள்ளே தள்ளினேன், பால்கனியிலிருந்து முன்சக்கரம் மட்டும்தான் தெரியும்.

"ஓய், எங்கே போனீர்?"

"இங்கதான் வே! டாங்க்ல ஏதோ வெள்ளையாத் தெரியுது, அடித்தகரமா இருக்கும்!"

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் 'டக்... டக்...' என்றொரு சத்தம். முதல் மாடித் திருப்பத்து ஜன்னலில் ரங்கராஜனின் தலை முளைத்தது. பக்கத்தில், கைப்பிடியோடு சேர்த்து அவர் கையையும் பிடித்துக்கொண்டு மாமி. மாமி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"எங்கே தகரம்? காட்டும்!"

"அடடே, சோப்பு நுரை வே!"

அவர் திட்டியது போசரி வரை கேட்டிருக்கும். ஆனால் பாதிப் படி இறங்கிவிட்டார். மறுநாளும் அந்த ஜன்னல் வரை வந்தார். நான் வண்டியை இன்னும் உள்ளே, படிக்கட்டின் அடிக்குத் தள்ளினேன். இனி ஜன்னலிலிருந்தும் தெரியாது. அன்றைக்கு அவர் ஜன்னலோடு நின்றுவிட்டார். அடுத்த நாளும். கடைசிப் படிவரிசை செங்குத்தானது, கைப்பிடியும் ஆட்டம் காணும். அவர் குரல் மட்டும் கீழே வந்தது, ஆள் வரவில்லை. தீபாவளிக்கு நாலே நாள்.

கிருபாவதியிடம் போய்க் கேட்டேன். "ஒரு உருண்டை புளி தா."

"எதுக்கு?"

"ஜாவாவுக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கழிக்காமல் ஒரு பெரிய உருண்டையாகவே கொடுத்தாள்.

"வே ரங்கராஜன்!" என்று படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "சைலன்ஸர்ல துரு நெறைய இருக்கு. எங்க வீட்டுல குத்துவிளக்குக்குப் போடுத மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கப்போறேன்!"

"என்னது?"

"புளி வே, புளி! கூட எலுமிச்சம்பழமும் இருக்கு!"

"ஓய்! அது பித்தளையில்லே, குரோம்! உப்புப் பட்டா துரு இன்னும் பிடிக்கும்! அலுமினியம் ஃபாயில், தண்ணி, அவ்வளவுதான்! மோசஸ்! கேக்கறதா?"

"கேக்கல வே! ஊறவச்சாச்சு!"

டக். டக். டக். மாமியின் குரல், "மெதுவா, கைப்பிடி, கைப்பிடி." கடைசியாக ஒரு வெள்ளைக் கால் தரையில் பதிந்தது. ரங்கராஜன் வியர்த்துக் கொட்டி, பிரசங்கம் செய்ய வந்தவர்போல ஒரு விரலை உயர்த்தி நின்றார். நேராக வந்து என் கையிலிருந்த புளியைப் பிடுங்கி கேட்டுக்கு வெளியே எறிந்தார். அது ஒரேயடியாக மலையேறி லோனாவாலாவில் போய் விழுந்தது.

அப்புறம் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, சைலன்ஸரின் ஒரு மூலையை இதமாகத் தேய்த்தார். துருப்புள்ளிகள் கரைந்து, உள்ளே ஒரு சின்ன ரங்கராஜன் தெரிந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்படித்தான் பண்ணணும்" என்றார், மெதுவாக.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. காலையில் அவரே வந்தார், மாமியின் கை மட்டும் துணைக்கு. வண்டியை மறுபடி வெளிச்சத்துக்குத் தள்ளிவந்து நான் மெழுகு பூசினேன், அவர் தேய்த்தார், திட்டினார், மறுபடி தேய்த்தார். அதோடு வண்டி முடிந்துபோனது. எங்கும் துரு இல்லை. அதன் பளபளப்பைப் பார்த்து ஆகாயத்தில் போன விமானம் ஒன்று திசை மாறியது.

மறுநாள் அவர் வரவில்லை.

"என்ன வே, இறங்கலையா?" என்று கீழேயிருந்து கேட்டேன்.

"எதுக்கு? வேலைதான் முடிஞ்சுடுத்தே. காரணமில்லாம யாராவது படியில ஏறி இறங்குவாளா?" நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

சாயங்காலம்வரை வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதில் கூட்டல் எதுவும் இல்லை. அடுத்த நாள் காலையில் ஸ்ரீவத்சன் வருகிறான். நான் ஒரு பைத்தியக்காரன். வண்டியை இவ்வளவு நன்றாக முடித்திருக்கக் கூடாது.

விடிந்ததும் பால் வாங்க வெளியே வந்தேன். ஜாவாவைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றேன். ஹெட்லைட் வளையத்தில், சைலன்ஸரில், ஹேண்டில்பாரில், எங்கே பார்த்தாலும் திட்டுத்திட்டாக ஏதோ பழுப்பாகக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். புளி!

மேலே பால்கனியில் சியாமளா மாமி வந்து நின்றார். "அண்ணா! ரசத்துக்கு ஊறவெச்ச புளியைக் காணோம்! அவரையும் காணோம்!"

வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு. எட்டிப் பார்த்தேன். என் ஸ்டூலில் ரங்கராஜன். தனியாக. மடியில் ஒரு ஃபாயில் சுருள்.

"யாரோ வந்து புளியைப் பூசிட்டுப் போயிருக்கான், ஓய்" என்றார் என்னைப் பார்க்காமல். "இதெல்லாம் சரிபண்ண ஒரு வாரமாவது ஆகும். நான் தினம் இறங்கி வரணும்போல இருக்கு. யார் பண்ணின வேலை? நீர்தானே?"

அவர் நகக்கண்ணில் புளிச் சக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியதும் மிக இனிப்பானதும் இதுதான். "ஆமா வே. நான்தான்."

"தெரியும். நீர் திருந்தமாட்டீர்."

கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. ஸ்ரீவத்சன் பெட்டியோடு இறங்கி, இரண்டடி வைத்து, அப்படியே நின்றான்.

"அப்பா! எப்படி இறங்கினே? யார் தூக்கிண்டு வந்தா?"

"நடந்துதான் வந்தேன். பறந்தா வருவா?" ரங்கராஜன் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நேராக நின்றார். "அந்த லிஃப்ட் ஃப்ளாட்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு. இங்கே ஒரு ஆளை நம்பி வண்டியை விட்டுட்டு வரமுடியாது."

ஸ்ரீவத்சன் பால்கனியில் நின்ற அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து, கொஞ்ச தூரம் தள்ளிப்போய்ப் பேச ஆரம்பித்தான்.

ரங்கராஜன் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபாயிலில் பாதியைக் கிழித்து என்னிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தேய்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து, மகனுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பின் மட்கார்டு விட்டுப்போச்சே. அடுத்த வாரம் அங்கே பூசுவீரா?"