வந்த பெட்டியிலேயே

புதுக் கம்ப்யூட்டரைக் கட்டி முடித்த அன்றைக்கே அதன் உறுப்புகளுக்கெல்லாம் உறவுமுறை வைத்தாகிவிட்டது. வைத்தவள் மகள். கட்டட வரைபடம் போடுகிறவள்; எதையும் பெயர் சொல்லாமல் தொட வராது அவளுக்கு. எல்லாரையும் மடியில் தாங்கி, ஒருவர் பேச்சை மற்றவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மதர்போர்டு, அம்மா. அதன் நடுவில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு சட்டென்று சூடாகிற பிராசஸர், மாப்பிள்ளை. பாதி இடத்தையும் முக்கால்வாசிக் கரண்டையும் எடுத்துக்கொள்கிற கிராபிக்ஸ் கார்டு, பெரிய மாமா. சத்தம் மட்டும் போடுகிற காற்றாடி, சித்தப்பா.

"சட்டுனு சூடாகறது யாரு?" என்றார் நிஜ மாப்பிள்ளை, ஸ்குரூ டிரைவரும் கையுமாக.

"பாரு, சொன்னதும் ரோசம் வருது. பொருத்தம் இல்லாமயா வச்சேன்?"

கட்டிலில் உட்கார்ந்து அவளும் சிரித்தாள், மகளைப் பெற்றவள். அந்த வேலை அறைதான் அவளுக்குப் படுக்கிற அறையும். குளியலறையில் வழுக்கி விழுந்ததும் வாடகை வீட்டைக் காலி செய்து, ஒரே சூட்கேஸோடு இங்கே வந்தவள். "முட்டி சரியாகற வரைக்கும் இங்க இருங்க அத்தை" என்று மாப்பிள்ளை சொல்லித்தான் வந்தது. முட்டி எப்போதோ சரியாகிவிட்டது. அதை யாரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. துவைத்துக் காய்ந்த துணியை மடித்து மறுபடியும் சூட்கேஸுக்குள்ளேயே வைத்தாள். வாய்விட்டுக் கேட்டால் 'இரு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் கேட்டு வாங்கின 'இரு' வேறு, தானாக வருகிற 'இரு' வேறு.

சூட்கேஸுக்கு வெளியே அவள் வைத்தது கொஞ்சம்தான். கண்ணாடிக்கூடு, முட்டித் தைலம், ஊசி நூல், நாலைந்து பொத்தான்கள். மதர்போர்டு வந்த கறுப்பு அட்டைப்பெட்டி சும்மா கிடந்தது. புத்தகம்போலத் திறக்கிற மூடி. அதில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானத் தூக்கம் அவளுக்கு முழுசாக வருவதில்லை. திரைச்சீலை வழியாக வெளிச்சம் கரைந்து வரும். கம்ப்யூட்டரின் கண்ணாடிப் பக்கத்தில் நீல விளக்குகள் மெதுவாக மூச்சுவிடும். அறையே தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிடும். அப்போது அவை பேசத் தொடங்கும்.

"கொஞ்சம் நகருங்க மாமா, மூச்சு முட்டுது."

"நான் எங்க போவேன்? எனக்குன்னு இருக்கறதே இந்த ஒரு இடம்."

"சித்தப்பா, கத்தாதீங்க. அம்மா தூங்கறாங்க."

"அம்மா எங்கடா தூங்கறா? அவ தூங்கிட்டா நீங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கத்தான் முடியுமா?"

"அம்மாவைத் திருப்பி அனுப்பித்தான் ஆகணுமா?"

கடைசிக் குரல் மகளுடையது. சமையலறையிலிருந்து வந்தது. கனவுக்கும் அதற்கும் நடுவே தையல்கூடத் தெரியவில்லை.

"வேற வழியில்ல. வச்சிருந்தா நமக்குத்தான் ஆபத்து."

"இப்பதானே எல்லாம் ஒரு வழிக்கு வந்துச்சு. எனக்கு மனசே வரலைங்க."

"அவங்களே ஆள் அனுப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. வந்த பெட்டியிலேயே அனுப்பணும், அவ்வளவுதான்."

அவள் கண்ணைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ் இருந்தது.

இந்த வீட்டில் அம்மா என்றால் இரண்டு பேர் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. 'அம்மாவைத் தூசி தட்டணும்' என்று மகள் சொன்னபோது, "எங்கே, தட்டு பார்க்கலாம்" என்றவள்தான். ஆனால் இந்தப் பேச்சு இரண்டு பேருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எழுந்துபோய்க் கம்ப்யூட்டரின் மேல் கை வைத்தாள். சுட்டது.

"உன்னையா, என்னையா?" என்று கேட்டாள். நீல விளக்கு ஒருமுறை மங்கித் தெளிந்தது.

சூட்கேஸை இழுத்துக் கட்டில் மேல் வைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை. கனவில் நடக்கிறவர்களைப் போல, கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கொடியில் கிடந்த துண்டை மடித்து உள்ளே வைத்தபோது மகள் வந்தாள்.

"அம்மா, அந்தப் பெட்டி வேணுமே."

"எடுத்து வச்சாச்சு. மூட வேண்டியதுதான் பாக்கி."

மகள் சூட்கேஸைப் பார்த்தாள். "இதை யார் கேட்டா?"

"வந்த பெட்டியிலேயே அனுப்பணும்னு பேசிக்கிட்டீங்களே."

மகள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே வந்த மாப்பிள்ளை போனை நீட்டினார். அந்த வகைப் போர்டு முழுவதையும் கம்பெனி திரும்பக் கேட்கிறதாம். கரண்ட் ஏறுகிற மூலையில் ஒரு சின்னப் பாகம் கொதித்துத் தீப்பிடிக்கலாம். அணைத்துவிட்டு, பழைய பெட்டியில் போட்டுக் கொடுத்தால் புதுசு வரும்.

"உனக்கு நிஜமாவே அப்படித் தோணிச்சாம்மா?"

"தோணலை. பொருந்திச்சு."

மாப்பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது அத்தை. ரசீதும் இல்ல, வாரண்டியும் எப்பவோ முடிஞ்சிடுச்சு."

"பழுதுன்னு நானே ஒத்துக்கிட்டாலுமா?"

"பழுது முட்டியில மட்டும்தான். அதுவும்தான் சரியா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல்லை இத்தனை நாளும் மூன்று பேரும் தாண்டித் தாண்டித்தான் நடந்திருந்தார்கள்.

"சரியாயிடுச்சு" என்று அவளே முடித்து வைத்தாள்.

கம்ப்யூட்டரை அணைத்தார்கள். நீலம் போனதும் அறை வெறும் அறையாகிவிட்டது. மாமாவைக் கழற்றினார்கள், சித்தப்பாவைக் கழற்றினார்கள், மாப்பிள்ளையை மாப்பிள்ளையே பஞ்சுபோல எடுத்தார். மகள் வாயில் இரண்டு ஸ்குருவைக் கடித்துக்கொண்டு, அம்மாவை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்தாள். வழியில் இருக்கிறோம் என்று பெற்றவள் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"இரும்மா" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே.

"எதுவரைக்கும்?"

மகள் திரும்பினாள். வாயிலிருந்த ஸ்குருக்களைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இருன்னா இரு. அதுல என்ன எதுவரைக்கும்?"

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மகள் தன் மேசையின் முதல் இழுப்பறையை உருவி, அளவுகோல், டேப், தேய்ந்த பென்சில் எல்லாவற்றையும் கட்டிலில் கவிழ்த்தாள். கறுப்புப் பெட்டியிலிருந்த கண்ணாடிக்கூடும் தைலமும் பொத்தான்களும் இழுப்பறைக்குள் போயின. காலியான பெட்டியில் போர்டு போய்ப் படுத்தது.

"இவங்களை எங்க வைக்கறது? புதுசு வர்ற வரைக்கும் தூசி படக்கூடாது" என்றார் மாப்பிள்ளை, மடி நிறையச் சொந்தங்களோடு.

அவள் சூட்கேஸைப் பார்த்தாள். துணிகளை மொத்தமாக அள்ளி மகள் மடியில் போட்டாள். "அலமாரியில ஒரு தட்டு ஒதுக்கு. இதுல அவங்க இருக்கட்டும்."

"புதுசு வந்ததும் பெட்டியைத் தந்துடறோம் அத்தை."

"வச்சுக்குங்க. எனக்கு எதுக்கு?"

மறுநாள் மத்தியானம் திரைச்சீலை வழியாக வெளிச்சம் கரைந்து வந்தது. கட்டிலுக்கு அடியில் பேச்சுக்குரல்.

"மாமா, கொஞ்சம் நகருங்க."

"அம்மா எப்ப வருவா?"

"வருவா. பேசாம படு" என்றாள் அவள், பாதித் தூக்கத்தில்.

சித்தப்பா மட்டும் வாயே திறக்கவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் அவர் பரம சாது.