பாதி வேகத்துக் கண்ணீர்

தாஷ்கண்டில் ஒரு தாயின் கண்ணீர் ஐந்து லட்சம் சோம். மதியச் சாப்பாடும் டாக்ஸியும் தனி. அந்த விலைக்கு ஒரு பாட்டு வீடியோவில் அழ வந்தவள் ஜமீரா என்ற நாடகக்காரி. பாடகனைப் பெற்ற தாய் மவ்லூதா அவளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் தம்பி, அம்மாவைப் பத்தின பாட்டு. அம்மா நான் இங்கதானே நிக்கிறேன்?" என்று இயக்குநர் பர்ஹோதிடம் கேட்டுப் பார்த்தாள்.

"உங்க முகத்துல சோகம் நிக்கமாட்டேங்குதுக்கா. விலை பேசுற மாதிரியே இருக்கு."

அது பொய்யில்லை. சோர்சு சந்தையில் காலமெல்லாம் அக்ரூட்டும் உலர்திராட்சையும் விற்ற முகம். அந்தக் கடையை அடகு வைத்துத்தான் மகன் சிரோஜின் இந்த வீடியோவுக்குப் பணம் கட்டியிருந்தாள். சிரோஜ் கல்யாண வீடுகளில் பாடுகிறவன். வீடியோவால் நேரே ஒரு காசு வராது. ஆனால் வீடியோ இல்லாத பாடகனை அழைக்க எந்த மாப்பிள்ளை வீட்டின் கௌரவமும் இடம் கொடுக்காது. இலையுதிர்காலக் கல்யாணங்களுக்குள் அவன் பேர் ஏறாவிட்டால் கடை போயிற்று.

பர்ஹோதிடம் இருந்த சரக்கு ஒன்றுதான். வாடகைக்கு வெள்ளைக் கார், வாசலில் காத்திருக்கும் தாய், புகை மெஷின், எல்லோருடைய உச்சந்தலையையும் காட்டும் ட்ரோன். போன வருஷம் இதே கதையை இரண்டு பாடகர்களுக்கு விற்றிருந்தான்; ஒருவனின் தாய்க்குப் பச்சை முக்காடு, இன்னொருவனின் தாய்க்குச் சிவப்பு. அதற்குப் பெயர் ஸ்டைல். மவ்லூதாவின் வாசற்கதவு நல்ல நீலம். "கம்ப்யூட்டர்ல பச்சையாக்கிடலாம்" என்று ஆறுதல் சொன்னான்.

கடைசியில் ஸ்லோமோஷன் காட்சி. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிடுவார்கள். பாடகனும் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் உதடு பாட்டோடு ஒட்டும், தலைமுடியும் புகையும் கனவுபோல் மிதக்கும். பார்க்கிறவனுக்குத்தான் கனவு.

எடுக்கிற இடத்தில், ஸ்பீக்கர் எலிக்குரலில் "அம்மா" என்று கீச்சிட்டது. ராட்சச விசிறிக்கு எதிரே சிரோஜ், வெள்ளைச் சூட்டில், தானியம் கொத்தும் கோழியாக வாயை ஆட்டினான். கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்ட ஜமீரா, கட்டிப்பிடிக்க ஓடிவந்து, புகையில் தும்மி, அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தொங்கினாள்.

வாசற்கதவை ஒட்டிய ரொட்டியடுப்போரம் நின்ற மவ்லூதாவுக்குத் தாங்கவில்லை. முக்காட்டு நுனியை வாயில் திணித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. கடையை அடகு வைத்து வாங்கிய கூத்தா இது என்று நினைத்ததும் சிரிப்பு இன்னும் பீறிட்டது.

சில நாள் கழித்து, முடிந்த படத்தைக் காட்ட பர்ஹோத் தாயையும் மகனையும் அழைத்தான். படத்தில் ஜமீராவையே காணோம்.

"பாதி வேகத்துல அவ மூஞ்சி தூங்கி வழியுது. வெட்டிட்டேன்."

பச்சையாகிப்போன கதவுக்குப் பக்கத்தில் வேறொருத்தி நின்றாள். தோள் மெல்ல மெல்லக் குலுங்கியது. முக்காட்டுக்குப் பின்னால் வாய் மெதுவாகப் பிளந்தது. கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஓரத்தில் வைத்திருந்த இரண்டாவது கேமராவில் சிக்கிய மவ்லூதாதான் அது.

சிரோஜ் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எனக்காக இப்படி அழுதியாம்மா? ஒரு வார்த்தை சொல்லலியே!"

பர்ஹோத் சுவரைப் பார்த்தான். மவ்லூதா வாயைத் திறந்து, மூடினாள். தன் தட்டிலிருக்கும் அக்ரூட்டைத் தானே சொத்தை என்று கூவி அவளுக்குப் பழக்கமில்லை.

"பெத்த வயிறுடா" என்றாள்.

ஊரே அழுதது. "இதுதான் நிஜத் தாய்" என்று போனில் எழுதி எழுதி மாய்ந்தார்கள். கல்யாண வீட்டார் சிரோஜின் வாசலில் காத்துக்கிடந்தார்கள். சிலர் அந்த அம்மாவும் வந்து மேடையில் அழுவாரா என்று கேட்டார்கள். வந்த முன்பணத்தில் ஆகஸ்டிலேயே கடை மீண்டது.

மறுநாள் மவ்லூதா பர்ஹோதிடம் போய் நின்றாள். "தம்பி, என் கூலி?"

"என்னக்கா நீங்க! தாயோட கண்ணீருக்கு விலை உண்டா?"

"உண்டே. அஞ்சு லட்சம். நீதானே வச்சே."

"அது அழுததுக்கு. நீங்க சிரிச்சீங்க!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. தெருவுல இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

பர்ஹோத் எழுந்து கதவைச் சாத்தினான். "அடுத்த வாரம் தர்றேன்கா."

ஆக, ஜமீரா அழுதாள், படத்தில் இல்லை: ஐந்து லட்சம், கொடுத்தாயிற்று. மவ்லூதா சிரித்தாள், ஊர் அழுதது: ஐந்து லட்சம், பாக்கி. சாப்பாட்டுக் காசு தனி.