பிச்சையை நீக்குவது பற்றி

காலை பத்து மணிக்கு வந்த மெயிலின் தலைப்பைப் படித்ததும், ஏற்கனவே நிமிர்ந்தே உட்கார்ந்திருந்த மாத்ருபூதத்தின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. 'பிச்சையை நீக்குதல்' என்று எவனோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். உள்ளே, 'பிச்சை பழைய குப்பை. வலது ஓரத்தில் நடுங்குகிறது. இன்னும் எத்தனை காலம் இதைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது?' என்று கேட்டிருந்தான்.

பிச்சை என்பது மாத்ருபூதத்தின் தகப்பனார் பெயர்.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்பு அவர் பாய்லர் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருந்தார். அங்கே வாங்கிய கிராபிக்ஸ் கார்டு திரையில் எதையும் காட்டாமல் அடம்பிடித்தது. கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை மற்றதற்குச் சொல்ல ஒரு நிரல் வேண்டும். அதைத்தான் டிரைவர் என்பார்கள். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று மாத்ருபூதம் அதை எழுதி முடித்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், சும்மா எடுத்துப் போகலாம் என்று திறந்து வைத்திருந்த ஓர் இயங்குதளத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ப்பதற்கு ஒரு படிவம். அதில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். ஆயுசுக்கும் பி. மாத்ருபூதம் என்று கையெழுத்துப் போட்டவர், கடைசிப் பெயருக்கு 'பி' என்று அடித்தார். ஒற்றை எழுத்தைப் படிவம் ஏற்கவில்லை. தகப்பனார் பெயரை முழுசாக அடித்தார். அதில் ஒரு பெருமையும் இருந்தது. கைநாட்டு வைத்த மனிதரின் பெயர் உலகம் முழுக்க ஓடட்டுமே.

வெள்ளைக்காரனுக்குக் கடைசிப் பெயர்தான் பெயர். டிரைவருக்கே பிச்சை என்று பெயராகிவிட்டது.

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமந்தவர் பிச்சை. மண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'டேய் பிச்சை'. ஒருத்தன்கூட 'ங்க' போட்டதில்லை. வேலை கிடைத்த முதல் மாதமே மாத்ருபூதம் அவரை அங்கிருந்து கூட்டிவந்துவிட்டார். இனி எவனும் இந்தப் பெயரை மரியாதையில்லாமல் சொல்லக் கூடாது என்பது அன்றைக்கு அவர் எடுத்த முடிவு. இப்போது எந்த ஊரிலோ அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருப்பவன் எல்லாம் 'ஹாய் பிச்சை' என்கிறான். பிச்சையைத் தூக்கி எறி என்கிறான்.

சண்டை ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. பழைய டிரைவர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் படம் காட்டுகின்றனவாம், கவனிக்க ஆளில்லையாம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே முறையில் புதிதாக எழுத வேண்டுமாம். ஓடுகிற ஒன்றை எதற்காகத் தொட வேண்டும் என்று மாத்ருபூதம் கேட்டார். நாற்பது மெயில் போட்டார். பதில் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கார்டு எந்த நிறம் என்றுகூடத் தெரியாது. புதிய டிரைவரை எழுதியிருந்தது மலர் என்ற பெயரில் ஓர் ஆள். 'உங்கள் நாட்டில் புதுசு என்றாலே நல்லது என்று அர்த்தம் போலிருக்கிறது' என்று அந்த ஆளுக்கு அவர் எழுதியபோது, பதில் தமிழில் வந்தது.

'என் நாடு துவாக்குடி, சார்.'

மலர்க்கொடி துவாக்குடியில் சின்ன இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். விதி ஒன்றுதான்: கார்டு வைத்திருக்கும் ஒருவர் புதிய டிரைவரைச் சோதித்து, 'வேலை செய்கிறது' என்று எழுதினால் பழையது போகும். கார்டு இன்னும் இருக்கிறது என்று உலகத்தில் கைதூக்கியவர், தொழிற்சாலை கழித்துப் போட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மாத்ருபூதம் ஒருவர்தான். வந்து சோதிக்கலாமா என்று அவள் கேட்டிருந்தாள். வரட்டும், தோற்றுப் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவர் சம்மதித்திருந்தார். இன்றைக்குத்தான் அந்த நாள். இவள் எழுதியதைப் போட்டால் திரை இருண்டு நிற்கும், 'வேலை செய்யவில்லை' என்று எழுதலாம், பிச்சை இருந்த இடத்தில் இருக்கும்.

மனைவி ஜெகதாம்பாள் சமையலறையிலிருந்து வந்தாள். "ஏங்க, எதிர்வீட்டு அற்புதம்மா கேக்குறாங்க. டிரைவரை மாத்தப் போறீங்களாமே, அவங்க தம்பி மதுரைவீரன் நல்லா வண்டி ஓட்டுவாராம்."

"அவனே தேவலாம்னு சொல்லு. வலது பக்கம் எது, இடது பக்கம் எதுன்னாவது அவனுக்குத் தெரியும்."

பதினோரு மணிக்கு மலர்க்கொடி வந்தாள். முப்பது வயசு இருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது.

"இந்த டேப் எதுக்கு சார்?"

"அது மானிட்டர் கோளாறு. உங்க வேலையைப் பாருங்க."

அவள் பென் டிரைவைச் செருகினாள், தட்டினாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மாத்ருபூதம் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். திரை இருண்டது. "அவ்வளவுதான்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார். எழுந்திருக்க நேரம் வேணும்ல."

திரையில் நிறப் பட்டைகள் வந்தன. சிவப்பு, பச்சை, நீலம், கோணாமல் நின்றன. அவள் எழுந்து தள்ளி நின்றாள். டேப்பைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை. மாத்ருபூதமே குனிந்து மேல் நுனியை நகத்தால் கிளப்பி, கீழ்வரை உரித்தார். இருபது வருஷமாக அந்த இடத்தில் புழுப் போல நெளிந்த கோடு இல்லை. கடைசிப் பட்டை ஓரம்வரை நேராக நின்றது.

"அட, அங்கேயும் படம் இருக்கா" என்றாள் ஜெகதாம்பாள், வாசற்படியில் நின்றபடி.

"உன்னை யார் கேட்டா?"

மலர்க்கொடி பையை எடுத்துக்கொண்டாள். "பார்த்ததை எழுதுங்க சார். அது போதும்."

"எழுதுறது இருக்கட்டும். அங்க இருக்கறவனுக்குத் தெரியாது, சரி. நீங்க இந்த ஊர்தானே? பிச்சைங்கிறது அப்பா பேருன்னு உங்களுக்குமா தெரியாது? நீங்களும் ரிமூவ் பிச்சை, ரிமூவ் பிச்சைன்னு வரிக்கு வரி எழுதறீங்க."

"தெரியும் சார். ஆனா கடைசிப் பேருன்னு போட்டது நீங்கதானே. அப்படிச் சொன்னாத்தான் உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்." செருப்பைப் போட்டுக்கொண்டாள். "போயிட்டு வரேங்க."

கதவு சாத்தியதும் ஜெகதாம்பாள் பக்கத்தில் வந்தாள். "வேலை செய்யலைன்னு எழுதிடுங்களேன். கார்டு உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது? மாமா பேராவது நிக்கும்."

மாத்ருபூதம் அவளைப் பார்த்த பார்வையில் அவள் சமையலறைக்கே திரும்பிவிட்டாள். கையில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்த டேப்பை அவர் பார்த்தார். யோசித்தால் பெயர் எப்போதோ அழுக்காகிவிட்டது. 'பிச்சை நடுங்குகிறது' என்று உலகம் எழுதியது; நடுங்கியது இவர் நிரலில் எழுதிய கணக்கு. இவர் செய்த தப்புக்கு, நடுங்காமல் மூட்டை சுமந்த மனிதர் இருபது வருஷமாகப் பேச்சு வாங்கியிருக்கிறார். மண்டிக்காரனாவது முகத்துக்கு நேராகச் சொன்னான். இவர் டேப் ஒட்டி மறைத்தார். இப்போது பொய் வேறு சொல்லி அதே பெயரை நிறுத்தி வைப்பதா?

உட்கார்ந்து இரண்டு விரலால் ஆங்கிலத்தில் அடித்தார்.

'புதிய டிரைவரைச் சோதித்தேன். வேலை செய்கிறது. பழையது வலது ஓரத்தில் நடுங்கியது உண்மை. அது என் பிழை. ஆனால் நீக்கத்தின் தலைப்பை மாற்றினால்தான் இந்தச் சாட்சி செல்லும். நீக்கப்படுவது மாத்ருபூதம் எழுதியது. மாத்ருபூதத்தை நீக்குதல் என்று போடுங்கள். பிச்சை என் தகப்பனார். அவர் ஒரு வரிகூடப் பிழையாக எழுதியதில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. இவண், பி. மாத்ருபூதம்.'

மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்தபோது தலைப்பு மாறியிருந்தது. 'மாத்ருபூதத்தை நீக்குதல்.' மாற்றியது மலர்க்கொடி. பழைய குப்பை என்று எழுதியவனும் கீழே ஒரு வரி போட்டிருந்தான்: 'நன்றி, மாத்ரு. ஒருவழியாகத் தொலைந்தது.'

"பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார் மாத்ருபூதம். "ஒரு பேரை முழுசா எழுதத் துப்பில்லை. இதுங்கதான் உலகத்துக்கே டிரைவர் எழுதுதுங்க."

"உங்களைத்தானே திட்டியிருக்கான்?"

"என்னைத்தான்" என்றார் அவர். காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரை அவளிடம் நீட்டினார்.